கூரை இல்லாத கார்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் ஏ40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் என்ற மூன்று பெயர்கள்தான் எல்லோருக்கும் வாயில் வரும். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியவை அவை. பிறகு இடப்பெயர்வுகளில் பாயையும் பானையையும் கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு ஓடியவையும் அவைதான். அந்தக் கார்களுக்குக் கூரை இல்லாத உறவுக்காரர்களும் உண்டு. இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, துணிக்கூரையை மடித்துவிட்டு ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார்கள். தோட்டத்துரைமாருக்கும் கொழும்புப் பணக்காரருக்கும் உரியவை என்று நாங்கள் ஒதுக்கிவிட்ட சாமான் அது.

இப்போது எங்கள் பக்கத்திலும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். லண்டனில் பிறந்து வளர்ந்த மருமகன், ஊர் வீட்டில் ஒன்றை வாங்கி நிறுத்தலாமா என்று கேட்கிறான். வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பிய இளைஞர் இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்வருகிறார். மறுபக்கத்தில், வளவின் மூலையில் தறப்பாளின் கீழ் கிடக்கும் அப்பாவின் காரை என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று தெரியாமல் தரகருக்கு முன் நிற்கும் குடும்பங்களும் இருக்கின்றன. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது விற்கிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் கேட்கிறார்கள். பார்க்க வேண்டிய ஒழுங்கு அதற்கு நேர் எதிரானது. முதலில் கடதாசி, அதன்பிறகு கதவடித் தகடு, கடைசியில் எஞ்சின். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

வெளியே இருந்து கொண்டுவர முடியாதா?

பிரிட்டனில் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைச் சாதாரணத் தொழிலாளி ஓரிரு மாதச் சம்பளத்தில் வாங்கிவிடலாம். 1989 இல் வெளிவந்த இந்த ஜப்பான் கார், பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களின் சாயலிலேயே திட்டமிடப்பட்டது. 2016 இல் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. உலகத்தில் மிக அதிகமாக விற்ற இருவர் திறந்த கார் இதுதான். ஆகவே "அங்கே மலிவு, ஒன்றைக் கப்பலில் ஏற்றிவிடுங்கள்" என்று சொல்வது இயல்பு.

நடக்காது. தனியார் வாகன இறக்குமதியை அரசாங்கம் 2020 மார்ச்சில் நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும், பாவித்த கார் என்றால் சில வருடங்களுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பதே பொதுவான விதி. வரியும் சேர்ந்தால் வாகனத்தின் விலையைவிட வரி பெரிதாக நிற்கும். இருபது வருடப் பழைய எம்எக்ஸ்-5 ஐ மருமகன் ஊருக்கு அனுப்ப முடியாது. ஆகவே இங்கே விற்பனைக்கு வரும் பழைய திறந்த கார் என்பது ஏற்கெனவே இந்தத் தீவுக்குள் இருக்கும் கார். பெரும்பாலும் 1950களிலும் 60களிலும் வந்திறங்கிய எம்ஜி, ட்ரயம்ஃப், ஒஸ்ரின் ஹீலி, அல்லது கூரை மடிக்கும் மொரிஸ் மைனர். எண்ணிக்கை கூடப் போவதில்லை. அதனால்தான் விலை ஏறுகிறது, அதனால்தான் ஏமாற்றும் கூடுகிறது.

கேம்பிரிட்ஜின் தம்பி

எம்ஜிஏ என்ற கார் 1955 இலிருந்து 1962 வரை செய்யப்பட்டது. தாழ்ந்த, வளைந்த உடல். வெளியே கதவுப் பிடிகூட இல்லை, கையை உள்ளே விட்டுக் கயிற்றை இழுத்துத்தான் திறக்க வேண்டும். செய்யப்பட்ட ஒரு இலட்சம் கார்களில் மிகப் பெரும்பாலானவை பிரிட்டனுக்கு வெளியே ஏற்றுமதியாகின. அதன் முன்மூடியைத் திறந்து பார்த்தால் எங்கள் கராஜ்காரர் சிரிப்பார்கள். உள்ளே இருப்பது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எஞ்சின். அதே 1489 சிசி, அதே வார்ப்பிரும்புக் குடும்பம். கேம்பிரிட்ஜில் ஒரு காபரேற்றர், எம்ஜிஏயில் இரண்டு. கேம்பிரிட்ஜில் 50 சொச்சம் குதிரைவலு, இதில் 70 அளவில். வாடகைக் காராக பருத்தித்துறை வீதியில் ஆறு பேரை அடைத்துக்கொண்டு ஓடிய எஞ்சினும், ஐரோப்பாவில் பந்தயம் ஓடிய எஞ்சினும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

ஏ40 க்கும் அப்படி ஒரு தம்பி உண்டு. ஒஸ்ரின் ஏ40 ஸ்போர்ட்ஸ், 1950 முதல் 1953 வரை நாலாயிரம் அளவில்தான் செய்யப்பட்டது. அலுமினியத் தகட்டு உடல், துணிக்கூரை, உள்ளே எங்களுக்குத் தெரிந்த அதே 1200 சிசி. 1951 இல் கம்பனி அதில் ஒன்றை உலகத்தைச் சுற்றி ஓட்டி, கடல் குறுக்கிட்ட இடங்களில் விமானத்தில் ஏற்றி, 21 நாட்களில் முடித்துக் காட்டியது. மொரிஸ் மைனர் எஞ்சினும் அப்படித்தான். எம்ஜி மிட்ஜெட், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட் என்ற சின்னத் திறந்த கார்களில் இருப்பது மைனருடைய ஏ வரிசை எஞ்சினின் உறவு.

எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். இந்த எஞ்சின்களை உலகத்தில் எங்கேயாவது கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்களில் ஒரு பகுதி வடக்கில் இருக்கிறார்கள். அந்தப் பயிற்சியை அவர்கள் பள்ளிக்கூடத்தில் பெறவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடிய வருடங்கள்

1990 இல் பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் எல்லாமே தடைப் பட்டியலில் ஏறின. சைக்கிள்தான் எல்லாமும் ஆனது. ஓடிய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இதைக் கட்டுக்கதை என்று நினைக்கக்கூடும் என்பதால், எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாவது மிகக் குறைவு. ஆகவே சில சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொடுத்து எஞ்சினைத் தொடக்கி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அடுத்த சிக்கல் அமுக்கம். எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் எவ்வளவு நெருக்கி அமுக்குகிறதோ அவ்வளவுக்கு மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்து 'டக் டக்' என்று தட்டும். இன்றைய காரில் அந்த அமுக்க விகிதம் 10 க்கு மேல். ஏ40 இல் ஏழுக்குச் சற்று மேல். தரம் குறைந்த பெற்றோலுக்காகவே செய்யப்பட்ட எஞ்சின் என்பதால் அது பொறுத்துக்கொண்டது. பற்றவைக்கும் நேரத்தைப் பிந்தி வைத்துக் கொஞ்சம் சமாளிக்கலாம். பிரிட்டனில் உலகப்போருக்குப் பிறகு வந்த பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகையும் இப்படித்தான் பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய்க்கு நெருக்கமான எண்ணெயில் ஓடியது. ஆனால் அது கம்பனி அதற்கென்றே செய்து கொடுத்த எஞ்சின். எங்களுடையது கராஜில், சன்னத்துக்கும் ஷெல்லுக்கும் நடுவே மாற்றிக்கொண்ட எஞ்சின்.

இதற்கு விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். கீழே இருக்கும் ஒயில் தண்ணீராகும். வளையங்களும் தாங்கிகளும் தேயும். அந்த வருடங்களைக் கடந்து வந்த ஒரு எஞ்சினைத் திறந்து சரிசெய்யாமல் இன்றும் வைத்திருந்தால் அது தேய்ந்த எஞ்சின்தான். ஆனாலும் அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சிலிண்டரைத் துளையிட்டுப் பெரிதாக்கி, அடுத்த அளவு பிஸ்டன் போடலாம். தண்டைத் தீட்டலாம். தேவையான பாகங்கள் பிரிட்டனில் இன்றும் புதிதாகவே விற்கின்றன. பணம் செலவாகும், ஆனால் வழி இருக்கிறது. வழி இல்லாத கோளாறுகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

இலக்கத் தகட்டிலிருந்து தொடங்குங்கள்

முதல் வேலை தகட்டைப் படிப்பது. 1957 க்கு முன் பதிந்த கார்களுக்கு சி.என்., ஈ.எல்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள். 1957 முதல் சிங்கள 'ஸ்ரீ'. இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. காரைவிடத் தகடு புதிதாக இருக்கலாம், ஏனென்றால் பழைய கார் பிந்தி வந்திறங்கியிருக்கலாம். காரைவிடத் தகடு பழையதாக இருக்க முடியாது. எம்ஜிபி என்ற கார் 1962 இல்தான் பிறந்தது. ஈ.வை. தகட்டோடு ஒரு எம்ஜிபியைக் காட்டினால் அது ஒரு காரின் கடதாசியும் இன்னொரு காரின் உடலும்.

அந்த 'ஸ்ரீ'யைப் பற்றி எங்கள் வாசகருக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் எழுத்தை எழுதிய போராட்டம், 1958 இல் தேசியமயமாக்கப்பட்ட பஸ்கள் அந்தத் தகட்டோடு வடக்குக்கு வந்தபோது தூக்கப்பட்ட தார் வாளிகள், அதற்குப் பதிலாகத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் பூசப்பட்ட தார், ஏப்ரலில் கிழிக்கப்பட்ட பண்டா-செல்வா ஒப்பந்தம், மே மாதத்துக் கொலைகள். இன்று கொழும்புச் சந்தையில் 'அசல் ஸ்ரீ நம்பர்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். சேகரிப்பாளருக்கு அது வயதுச் சான்று. அந்தத் தகட்டுக்காகச் சிறை போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதற்கு மேலதிகமாகக் காசு கொடுப்பதா இல்லையா என்பதை அவரவர்தான் தீர்மானிக்க வேண்டும். நான் கொடுக்கமாட்டேன்.

அடுத்தது பதிவுச் சான்றிதழ், நாங்கள் சொல்லும் சி.ஆர். புத்தகம். அதில் உள்ள சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் அடித்திருப்பவையோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாறியிருக்கலாம், எங்கள் பக்கத்தில் மாறாத எஞ்சின்தான் அரிது. ஆனால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். சேஸி இலக்கம் மாறவே கூடாது. 2009 க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கத்தில் குவியல் குவியலாக வாகனங்கள் துருப்பிடித்துக் கிடந்ததை எல்லோரும் கண்டோம். உரிமையாளர் இல்லாத இரும்பு அவ்வளவு கிடந்த நாட்டில் ஒரு தகடு மட்டும் ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரிய காரியமில்லை. ஆணி அடித்த தகட்டைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஆணி புதிதா பழையதா என்று பாருங்கள்.

'ஓப்பின் பேப்பர்' என்ற பழக்கம் எங்களிடம் ஊறிவிட்டது. விற்றவர் கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்தோடு வாகனம் நாலு கை மாறும், புத்தகத்தில் மட்டும் முதலாமவர் பெயர். சட்டப்படி உடைமை மாறி 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். யுத்த காலத்தில் கொழும்புக்குப் போய்ப் பெயர் மாற்ற முடியாதிருந்தது உண்மை. அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. 2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது வாகன இலக்கத்தோடு சேஸி இலக்கத்தையும் கேட்டார்கள். புத்தகம் கையில் இல்லாதவர்களும், அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்றே தெரியாதவர்களும் அன்று அலைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. வளவில் கிடக்கும் கார் அப்பாவின் பெயரில். அப்பா இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் மரபுரிமை ஆவணங்களும் வேண்டும். அப்பா காணாமல் ஆக்கப்பட்டவராக இருந்தால்? மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று ஒரு காருக்காக எந்தக் குடும்பத்தையும் கேட்க முடியாது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம், இறந்தார் என்று சொல்லாமல், காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழி செய்தது. அதை எடுத்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறுத்து வீதியில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் ஒன்றை மட்டும் காட்டிக் காரை விற்றுவிடலாம் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். சொத்தைக் கைமாற்றுவது நீதிமன்றத்தோடு சம்பந்தப்பட்ட விடயம், சட்டத்தரணியிடம் கேளுங்கள். வாங்க வந்தவருக்கும் ஒரு வார்த்தை. 'அம்மா கையெழுத்து வைப்பா, பிரச்சினை இல்லை' என்று யாராவது சொன்னால் அந்தக் கார் உங்களுக்கு உரியதாகாது. அந்த அம்மாவையும் நீங்கள் சிக்கலில் மாட்டிவிடுகிறீர்கள்.

கூரை போனால் பாரத்தை எது தாங்கும்?

கடதாசி சரி என்றால் காரின் கீழே படுங்கள். ஒரு சாதாரணக் காரில் கூரையும் தூண்களும் கதவடித் தகடும் சேர்ந்து ஒரு பெட்டி. நாலு பக்கமும் பாரத்தைப் பகிரும். கூரையை எடுத்துவிட்டால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் அந்தத் தகட்டுக் குழாயும் தரையும் மட்டும்தான். அதில் துரு ஏறினால் கார் நடுவில் தொய்யும்.

எம்ஜிபி முழுக்க முழுக்க இந்த வகை. தனி சேஸி கிடையாது. பரிசோதனை எளிது. கதவுக்கும் பின்பக்க உடலுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கியும் கீழே அகன்றும் இருந்தால் நடு தொய்ந்திருக்கிறது. பிறகு ஜாக் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப்பாருங்கள். தூக்கியதும் கதவு இறுகினால், அல்லது ஜாக் தகட்டுக்குள் நொறுநொறு என்று புகுந்தால், நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எம்ஜிஏ வேறு வகை. அதற்குத் தனி இரும்பு சேஸி உண்டு, தரை ஒட்டுப்பலகை. பலகை உக்கியிருந்தால் ஊர்த் தச்சரே மாற்றிவிடுவார். சேஸியின் பக்கத் தண்டுகள் உக்கியிருந்தால் அது பெரிய வேலை.

துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள். பெயின்ற் பளபளவென்று இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்கவில்லை என்றால் அங்கே இரும்பு இல்லை, பட்டி இருக்கிறது. ஏ40 ஸ்போர்ட்ஸின் அலுமினிய உடலில் காந்தம் எங்கேயும் பிடிக்காது, அதை மட்டும் நினைவில் வையுங்கள். கடற்காற்றடிக்கும் ஊர்களில் நின்ற காருக்குக் கீழ்ப்பக்கத்தை இரண்டு தரம் பாருங்கள். எங்கள் ரிங்கர் வேலைக்காரர் தகடு தட்டிப் பொருத்துவதில் கெட்டிக்காரர்கள். அதுவே சில நேரம் ஆபத்து. மேலே ஒட்டிய புதுத் தகடு அழகாக இருக்கும், உள்ளே பழைய துரு தன் வேலையைத் தொடரும்.

இந்தத் தீவில் அடிக்கடி நடக்கக்கூடிய ஏமாற்று மொரிஸ் மைனரில். கூரை உள்ள சாதாரண இரண்டு கதவு மைனரின் கூரையை அரிந்து, துணி போட்டு, 'கன்வேர்ட்டிபிள்' என்று இரண்டு மடங்கு கேட்பார்கள். கம்பனியே செய்த திறந்த மைனரில் கதவடியில் மேலதிகத் தகடுகளும், முன் தூணும் டாஷ்போர்டும் சந்திக்கும் இடத்தில் வலுத்தகடுகளும் இருக்கும். அரிந்த காரில் அவை இருக்காது. சில மாதங்களில் கதவு மூட மறுக்கும். 1950களின் கடைசிக்குப் பிறகு வந்த மைனர்களில் இலக்கத்தைப் பார்த்தே பிடிக்கலாம். திறந்த காரின் சேஸி இலக்கம் எம்ஏடி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். எம்ஏ2எஸ் என்று தொடங்கினால் அது பிறக்கும்போது கூரையோடு பிறந்த கார்.

இந்த இடத்தில் விற்கிறவர்களுக்கு: உங்கள் வளவில் நிற்பது நிஜமான எம்ஏடி என்றால், அதைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்கும் தரகருக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். இலக்கத்தைப் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் அனுப்பிவிட்டு அடுத்த கிழமை வரச்சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

இப்போது எஞ்சின். நீங்கள் போவதற்கு முன் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிரில் தொடக்க வேண்டும். ஒயில் அமுக்கம் காட்டும் கருவி எம்ஜிகளில் உண்டு. நன்கு சூடேறி ஓடும்போது 50 அளவில் நிற்பது நல்லது, சும்மா நிற்கும்போது 15 க்குக் கீழ் விழுந்தால் தாங்கிகள் தேய்ந்திருக்கின்றன. பள்ளம் இறங்கும்போது அக்சிலேற்றரை விட்டுவிட்டு மீண்டும் மிதித்தால் நீலப் புகை வருகிறதா என்று பின்னால் வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வடக்கில் பள்ளம் எங்கே என்று கேட்பீர்கள். பாலம் ஒன்றின் இறக்கம் போதும்.

இன்னொன்று, பழைய தலைப்பாகம். ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட வால்வு இருக்கைகள் இன்றைய பெற்றோலில் மெல்லத் தேயும். கடினமான இருக்கைகள் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். மெதுவாக ஓட்டுகிறவருக்கு அவசரமில்லை, எஞ்சினைத் திறக்கும்போது செய்துகொள்ளலாம்.

மின்சாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. எம்ஜிஏக்கள் எல்லாவற்றிலும், 1967 வரையான எம்ஜிபிகளிலும், பற்றரியின் நேர் முனைதான் உடலில் இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் எதிர் முனை. இது தெரியாத இளம் மெக்கானிக் வழக்கம்போல் இணைத்தால் புதிதாகப் பூட்டிய ரேடியோ புகைந்துவிடும். இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பற்றரிகள் வைத்திருந்தார்கள், இங்கே பலர் ஒரு 12 வோல்ட்டாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். அது குற்றமில்லை, ஆனால் எந்த முனை எங்கே போகிறது என்பதை உரிமையாளரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிரேக். 1959 வரையான எம்ஜிஏயில் நாலு சில்லுக்கும் ட்ரம்தான். மைனரிலும் அப்படியே. இருக்கைப்பட்டி கம்பனி போட்டதில்லை. தலைக்கு மேல் எதுவும் இல்லை. ஏ9 வீதியில் இரவில் வரும் சொகுசு பஸ்களுக்கு முன்னால் இந்தக் காரில் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். காலையில் காரைநகர்ப் பாலத்துக்கும், பின்னேரம் பண்ணைக்கும் போய்வருவதற்குத்தான் இது.

வைத்திருப்பது

வாங்கிய பிறகு முதல் எதிரி வெயில். வினைல் கூரை எங்கள் வெயிலில் சில வருடங்களில் சுருங்கி வெடிக்கும். நிழலில், காற்றோட்டமுள்ள கொட்டகையில் விடுங்கள். தறப்பாளால் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்த கூரையை மடிக்கக்கூடாது, காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். தரையில் தண்ணீர் தேங்கினால் கம்பளத்தை எடுத்துக் காயவிடுங்கள். மழைநீர் வடியும் துளைகள் கதவின் அடியிலும் வேறு இடங்களிலும் இருக்கும், மணல் அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். செலவில்லாத இந்த வேலையைச் செய்யாததால்தான் பெரும்பாலான திறந்த கார்கள் சாகின்றன.

பாகங்கள் கிடைக்கின்றன. எம்ஜிபிக்கு 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே முழு உடலையும் பிரிட்டனில் மீண்டும் செய்து விற்றார்கள். மைனரின் தகட்டுப் பாகங்களை 1990களில் இலங்கையின் தெற்கில் செய்து பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்தார்கள். ஒரே தீவில், ஒரே காருக்கு, அங்கே ஏற்றுமதித் தொழிற்சாலை, இங்கே ஒரு பிளக்குக்குத் தடை. காபரேற்றரின் சிறு பாகங்கள், ஜொயின்ற், ரப்பர் எல்லாம் லீவில் வரும் உறவினரின் பெட்டிக்குள் அடங்கும். பிஸ்டன், கியர்ப் பெட்டி என்று வந்தால் சுங்கத்தையும் கணக்கில் எடுங்கள். முழுக் காப்புறுதி வேண்டுமென்றால் வாங்குவதற்கு முன்பே கம்பனியிடம் கேளுங்கள், எல்லாக் கம்பனியும் இவ்வளவு பழைய காரை எடுப்பதில்லை.

எஸ்யூ காபரேற்றர் இரண்டையும் ஒரே மூச்சுக்குக் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. ஒரு குழாயைக் காதில் வைத்து, மற்ற முனையைக் காபரேற்றரின் வாயில் பிடித்து, இரண்டின் சத்தமும் ஒன்றாகும்வரை திருகுவார்கள். கருவி தேவையில்லை. மண்ணெண்ணெய்க் காலத்தில் எஞ்சினைச் செவியால் ஓட்டிய பழக்கம் அது. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், காரை வாங்கிய பிறகு கூப்பிடாதீர்கள். பார்க்கப் போகும்போதே ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள், நாள் கூலியைக் கொடுங்கள், பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவனையும் கூட நிற்க வையுங்கள். அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பும் வரைக்கும் விலை பேச வேண்டாம்.

விலை பேசி முடிந்தால், காசை முழுதாகக் கொடுப்பதற்கு முன் விற்பவரோடு சேர்ந்து போய் உடைமை மாற்றப் படிவத்தைக் கொடுங்கள். பெயின்ற் அடிப்பதும் கூரைத் துணி தைப்பதும் புத்தகம் உங்கள் பெயரில் வந்த பிறகு.